நாவலின் முதற்பக்கத்தில் எங்கள் வீடு

மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சுச் செய்தே இருபத்தாறு வருடம் சம்பளம் வாங்கினேன். சொந்தமாக எழுதியது என்று பார்த்தால் லீவுக் கடிதங்கள் மட்டும்தான். அவற்றிலும் காய்ச்சல் என்பதைத் தவிர வேறு காரணம் எழுதத் துணிந்ததில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். ஆகவே ஒரு கட்டுரை எழுத முன்வந்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழை கண்டால் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். எங்கள் அச்சகத்தில் அதுதான் வழக்கம்.

எழுதும்படி கேட்டவர்கள் இப்போது அங்கே வேலை செய்யும் இரண்டு பெண் பிள்ளைகள். ஓய்வுபெற்ற பிறகு நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொடுக்கப் போனபோது ஒருத்தி தன் கைபேசியைக் காட்டினாள். இப்போது எழுத்தாளர்கள் கையெழுத்துக் கொப்பி கொண்டுவருவதில்லையாம். கைபேசியிடம் வாயால் சொன்னால் அது எழுதித் தருகிறதாம். மன்னாரில் நடக்கும் ஒரு பயங்கர நாவலுக்குத் தொடக்கம் எழுது என்றால் அதையும் தானே எழுதிவிடுகிறது. வாசித்துப் பார்த்தேன். மின்னல் வெட்டியது, ஆந்தை அலறியது, குன்றின் மேல் பாழடைந்த மாளிகை ஒன்று நின்றது. மன்னார்த் தீவில் ஒரு குன்றைக் காட்டினால் நானும் ஏறிப் பார்ப்பேன்.

“பயம் வரேல்லையோ அக்கா?” என்று கேட்டாள்.

“வரேல்லை. எனக்கு ஒருக்கால் வந்தது. அது எங்கடை வீட்டைப் பாத்து” என்றேன்.

வாய் தவறிச் சொன்னதுதான். அதை எழுதித் தந்தால் அச்சகத்தின் ஆண்டு மலரில் போடுவோம் என்று இருவரும் பிடித்துக்கொண்டார்கள்.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மன்னார் நகரத்தில் ஆறு மாதம் தட்டச்சு வகுப்பு. பிறகு குரூஸ் ஐயாவின் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், இறந்தவர் நினைவாகக் கொடுக்கும் அந்தியேட்டிப் புத்தகம். முதல் வருடம் முழுவதும் என்னைக் கேட்காமலே விரல்கள் பிழை விட்டன. இரண்டாம் வருடம் என்னைக் கேட்டுப் பிழை விட்டன.

குரூஸ் ஐயா யாரையும் ஏசியதில்லை. பிழைகளை அவர் விருந்தாளிகள் என்று சொல்லுவார். தாளைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “பிள்ளை, இந்தப் பக்கத்திலை மூண்டு விருந்தாளி இருக்கினம். சாப்பிடக் குடுக்காமல் அனுப்பிவிடும்” என்பார். ஏசியிருந்தால் ஒரு நாளில் மறந்திருப்பேன். இது வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

புரூப் பார்க்கும் முறை இதுதான். இரண்டு பேர் மேசைக்கு இரண்டு பக்கமும் இருப்போம். நான் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பேன், கமா, முற்று, பந்தி என்று எல்லாம் சேர்த்து. ஐயா அச்சடித்த தாளைப் பென்சிலால் தொடர்ந்து வருவார். நாட்கணக்காக வாய் திறக்காத எனக்குக் குரல் இருக்கிறது என்பது அந்த மேசைக்கு மட்டும்தான் தெரியும்.

எழுதியவரின் சொல்லில் கைவைக்கக் கூடாது என்பது ஐயாவின் சட்டம். “அது அவரின்ரை பிள்ளை. நாங்கள் குளிப்பாட்டி உடுப்புப் போட்டுவிடலாம். மூக்கை மாத்தேலாது” என்பார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடலாம். எழுதியவர் வந்து கதிரையில் இருந்ததும் ஐயா ஒவ்வொரு குறியாக வாசிப்பார். குறி போட்டவர் காரணம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதிக்குப் பயந்தே நான் வருடத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் கேள்விக்குறி போட்டதில்லை. ஒரு தடவை மட்டும் ஒரே பக்கத்தில் ஆறு போட்டேன்.

அந்த நாவலை எழுதியவர் சபாரத்தினம் மாஸ்டர். திருக்கேதீஸ்வரம் பக்கத்தவர். தீவில் பேசாலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பன்னிரண்டு வருடம் படிப்பித்தவர். தினமும் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனவர். நல்ல மனிதர், ஆனால் மறதிக்காரர். அச்சகத்துக்கு வந்தால் குடையை விட்டுப் போவார். குடையை எடுக்க வந்தால் கொப்பியை விட்டுப் போவார். நாவல் ஒரு மர்மக் கதை. முதல் வரியிலேயே வாசகனுக்கு மயிர்க்கூச்செறிய வேண்டும் என்று ஐயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் அத்தியாயத்தைத் தட்டி முடிக்கும்வரை பொறுமையில்லாமல் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

நான் தட்டிய முதற்பக்கம் இப்படித் தொடங்கியது:

“தலைமன்னார் வீதியின் இடப்புறம் அந்த வீடு தனியே நின்றது. அதன் இரண்டு யன்னல்களில் ஒன்று என்றுமே திறந்ததில்லை. முற்றத்துக் கம்பத்தில் ஒரு காகம் தலைகீழாகத் தொங்கியது. அதைத் தொங்கவிட்டவர் யாரென்று எவரும் கேட்கவில்லை. வேலியோரம் ஆள் நீளத்துக்கும் கூடிய ஏதோ ஒன்று கிடுகால் மூடிக் கிடந்தது. காற்று நின்ற வேளைகளில் அழுகல் மணம் வீதிவரை வந்தது. வாசற் படலையில் ஒரு கழுதை வீட்டையே பார்த்தபடி நின்றது. உள்ளேயிருந்து வரப்போவது யாரென்று அதற்கு மட்டும் தெரிந்திருந்தது.”

முதல் வரியில் ஒன்றும் தோன்றவில்லை. யன்னலில் கொஞ்சம் யோசித்தேன். காகத்தில் விரல் நின்றுவிட்டது. கழுதை வந்தபோது சந்தேகமே இல்லை. அது எங்கள் வீடு.

மாஸ்டர் ஒரு பொய்யும் எழுதவில்லை. அதுதான் கொடுமை. யன்னல் திறப்பதில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் அலுமாரி நிற்கிறது. அறை சிறியது, வேறு இடமில்லை. காகத்தைத் தொங்கவிட்டது அம்மா. கருவாடு காயப்போடுகிற எல்லா வீட்டிலும் செய்வதுதான். செத்த காகம் ஒன்று தொங்கினால் உயிருள்ள காகங்கள் கிட்ட வராது. கிடுகு ஓலைக்குக் கீழே கிடந்தது அண்ணனின் வள்ளம், பழுதுபார்க்கக் கரைக்கு இழுத்தது. மணம் கருவாட்டு மணம். கழுதைக்கு எல்லாம் தெரியும் என்பதும் உண்மை. மூன்று மணிக்கு அம்மா அரிசி களைந்த தண்ணீர் கொண்டுவருவா என்று அதற்குத் தெரியும்.

மாஸ்டரின் பஸ் எங்கள் வீட்டைத் தாண்டுவது அதற்கு முன்னர், இரண்டரைக்கு. அந்த வெயிலில் மன்னாரில் யார் முற்றத்தில் நிற்பார்கள்? பன்னிரண்டு வருடமும் அவர் வீட்டைக் கண்டார், எங்களைக் காணவில்லை. பயமூட்ட என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் இப்போது கேட்டால் என் பதில் இதுதான். ஒன்றும் சேர்க்க வேண்டாம். ஆட்களை எடுத்துவிடு, காரணங்களை எடுத்துவிடு, வசனத்தைக் கட்டையாக்கு, மிச்சத்தைக் கழுதை பார்த்துக்கொள்ளும்.

சிரிக்கலாம்தான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தங்கை யசிந்தாவுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. எனக்குக் கலியாணப் பேச்செல்லாம் முடிந்துபோயிருந்தது, அதை இங்கே எழுதப்போவதில்லை. யசிந்தாவுக்கு முன்னர் இரண்டு சம்பந்தம் வந்து போயிருந்தன. இரண்டு தடவையும் சொன்ன காரணம் ஒன்றுதான். வீடு ஒதுக்குப்புறம், பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. இப்போது விடத்தல்தீவில் இருந்து ஒரு நல்ல இடம் பேசி வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குப் பெற்றோர் இல்லை. முடிவெடுப்பவ மூத்த அக்கா, பிலோமினா ரீச்சர். வீடு பார்க்க இன்னும் வரவில்லை. இந்தப் புத்தகம் வெளிவந்தால் தலைமன்னார் பஸ்ஸில் போகிற எல்லோரும் தலையை வெளியே நீட்டி எங்கள் வீட்டைத்தான் பார்ப்பார்கள்.

நான் தட்டி முடித்த அத்தியாயத்தில் மாஸ்டர் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போய்விட்டார். குடையை விட்டுவிட்டார்.

மறுநாள் புரூப் மேசையில் கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். யன்னல், முற்று. காகம், முற்று. அதற்கு மேல் குரல் வரவில்லை. ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி ஓரத்தில் ஆறு கேள்விக்குறி போட்டேன். அவர் எண்ணிப் பார்த்தார்.

“விருந்தாளிகள் இல்லைப் போலை கிடக்கு, குடியிருக்கிற ஆக்கள்” என்றார். 

மூன்றாம் நாள் மாஸ்டர் குடைக்கு வந்தார். ஐயா அவரைக் கதிரையில் இருத்தி முதலாவது கேள்விக்குறியை வாசித்தார். என்றுமே திறந்ததில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன்.

“பின்னாலை அலுமாரி மாஸ்டர்.”

“எதுக்குப் பின்னாலை?”

“யன்னலுக்கு.”

மாஸ்டர் பொறுமையாக விளக்கினார். இது கற்பனை வீடு தங்கச்சி, இதில் அலுமாரி இல்லை என்றார். ஐயா இரண்டாவதை வாசித்தார். காகம் கருவாட்டுக்கு என்றேன். மூன்றாவது வள்ளம் என்றேன். மணத்துக்கு வந்தபோது மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“அது எங்கடை வீடு.”

 மாஸ்டர் மெதுவாகத் திரும்பக் கதிரையில் இருந்தார். அங்கே ஆட்கள் இருப்பது தனக்குத் தெரியாது என்றார். பிறகு வீட்டைத் தூக்கி வெள்ளாங்குளத்தில் வைத்துவிடலாமா என்று கேட்டார். நாவலாசிரியர்களுக்கு வீடு தூக்குவது சுலபம்.

“அங்கையும் ஆரோ கருவாடு காயப்போடுவினம்” என்றார் ஐயா.

அப்போதுதான் நான் யசிந்தாவின் சம்பந்தத்தைச் சொன்னேன். என் வாழ்க்கையில் தொடர்ந்து அவ்வளவு வசனம் பேசியது அன்றுதான். பிலோமினா ரீச்சர் என்ற பெயரைக் கேட்டதும் மாஸ்டரின் முகம் மாறியது. அந்த ரீச்சர் அவரோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவ. வெளியீட்டு விழாவில் மதிப்புரை சொல்லப்போவதும் அவதான். வாங்கிக்கொண்டு போன பிரதி ஏற்கெனவே அவவின் கையில் இருந்தது.

மாஸ்டர் தன் முதற்பக்கத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் எழுதியதில் அதுதான் மிக நல்ல பக்கம். எனக்கும் தெரியும், அதனால்தானே பயந்தேன். பக்கத்தை இரண்டாக மடித்துப் பையில் வைத்தார். வேறு எழுதுகிறேன், ரீச்சருக்கும் புதுப் பக்கத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். ஆனால் ஒருநாள் அந்த வீட்டைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

புதன்கிழமை வந்தார், இரண்டரை பஸ்ஸில். அன்று எனக்கு அரைநாள் லீவு, காய்ச்சல். கழுதை அவருக்கு வழிவிடவில்லை. அம்மா வந்து தண்ணீர் வாளியைக் காட்டியதும்தான் நகர்ந்தது. மாஸ்டர் காகத்தைச் சுற்றி நடந்து பார்த்தார், கிடுகைத் தூக்கி வள்ளத்தைப் பார்த்தார், அலுமாரியின் பின்பக்கத்தைக்கூட எட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவர் முகம் தொங்கிக்கொண்டே வந்தது. அவ்வளவு நல்ல பயங்கர வீடு கைவிட்டுப் போகிறதே என்ற கவலை. அம்மா ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு நாலரை பஸ்ஸில் போனார். குடை எங்கள் வீட்டில்.

பத்து நாள் கழித்துப் புது முதற்பக்கம் வந்தது. அதில் வீட்டின் இடம் இல்லை. யன்னல், காகம், கழுதை ஒன்றும் இல்லை. இவ்வளவுதான்:

“அன்று பின்னேரமும் அம்மா வழக்கம்போலத் தேநீர் ஊற்றினாள். நீலப் பூப்போட்ட கோப்பைகளை மேசையில் வரிசையாக வைத்தாள். வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். ஐந்தாவது கோப்பையை யாரும் தொடவில்லை. அது ஆறும்வரை நான்கு பேரும் காத்திருந்தார்கள்.”

மாஸ்டர் வந்த அன்று எங்கள் மேசையில் இருந்தவர்கள் அவரோடு ஐந்து பேர். அம்மா ஊற்றியது ஆறு. அப்பா, போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஒருநாள் வெளியே போனவர், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அம்மா ஒரு கோப்பை கூடுதலாகத்தான் ஊற்றுவா. நாங்கள் அதைக் கவனிப்பதைக்கூட விட்டுவிட்டோம். கடைசியில் அண்ணன் அதைத் தன் இரண்டாவது தேநீராகக் குடித்துவிடுவார். மாஸ்டர் இந்தத் தடவையும் பொய் எழுதவில்லை. அண்ணன் அதைக் குடிப்பதை மட்டும் எடுத்துவிட்டார்.

அதைப் புரூப் மேசையில் வாசித்தேன். குரல் நிற்கவில்லை, ஆனால் கையில் மயிர் நின்றது. பழைய பக்கத்தில் ஒரு வீடுதான் பயமாக இருந்தது. நீலப் பூப்போட்ட கோப்பை எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு கோப்பை கூடுதலாக இருக்கிற வீடுகளும் குறைவில்லை. ஐயா பென்சிலைக் கீழே வைத்தார்.

“கேள்விக்குறி ஒண்டும் இல்லையோ பிள்ளை?”

“இல்லை ஐயா.”

வெளியீட்டு விழா ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. பிலோமினா ரீச்சரும் ஆட்களும் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது அதற்கு அடுத்த நாள், ஞாயிறு பூசைக்குப் பிறகு. நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தேன். ரீச்சர் நல்ல உயரமான மனுசி, குரலும் உயரம். மதிப்புரையைத் தொடங்கினா.

“இந்த நாவல் எங்களை முதல் வரியிலேயே பிடிக்குது. தலைமன்னார் வீதியிலை ஒரு தனி வீடு. தலைகீழாய்த் தொங்கிற காகம்.”

மாஸ்டர் புதுப் பக்கத்தைக் கொடுக்க மறந்துபோயிருந்தார்.

சபையில் எல்லோரும் புத்தகத்தைப் புரட்டிக் காகத்தைத் தேடினார்கள். ரீச்சர் விடவில்லை. அந்த வீட்டை நானே பஸ்ஸில் போகும்போது கண்டிருக்கிறேன், அந்த இடம் வந்தால் மற்றப் பக்கம் திரும்பிவிடுவேன் என்று சொன்னா. மேடையில் மாஸ்டர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். விழா முடியுமட்டும் துடைத்தார்.

வீட்டுக்குப் போய்க் காகத்தைக் கழற்றச் சொன்னேன். அம்மா மறுத்துவிட்டா. முற்றம் நிறையக் கருவாடு, வருகிற ஆட்களுக்காகக் காகத்துக்குச் சாப்பாடு போடவா என்று கேட்டா. அலுமாரியை நகர்த்தலாம் என்றேன். அண்ணன் இடுப்பைப் பிடித்துக் காட்டினார். கழுதையிடம் நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாடகை வான் ஒன்று வந்து படலையில் நின்றது. ரீச்சர் இறங்கினா. பின்னால் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் தம்பியும். ரீச்சர் கம்பத்தைப் பார்த்தா. யன்னலைப் பார்த்தா. கிடுகைப் பார்த்தா. கழுதை ரீச்சரைப் பார்த்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று, எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டேன்.

“வாங்கோ வாங்கோ. அது ஒண்டும் செய்யாது, தண்ணிக்கு நிக்குது” என்றா அம்மா.

ரீச்சர் உள்ளே வந்து இருந்தா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மழை, கடல், மீன் விலை. பிறகு திடீரென்று, அந்த யன்னல் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டா.  யசிந்தாவை வாய் திறக்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்லி வைத்திருந்தோம். என்னைப் போலில்லை அவள்.

“பின்னாலை அலுமாரி அக்கா. திறந்தால் பஸ்ஸிலை போறவை என்ரை சீலையளைக் கண்டிருப்பினம். நீங்களும் மற்றப் பக்கம் திரும்பியிருக்க மாட்டியள்.”

விழாவில் நடந்ததை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை குனிந்து சிரிப்பை அடக்குவது தெரிந்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. அந்த நேரம் அம்மா தேநீர்த் தட்டோடு வந்தா. வந்தவர்கள் மூன்று, நாங்கள் நான்கு. ரீச்சர் கோப்பைகளை விரலால் தொடாமல் கண்ணால் எண்ணினா. எட்டு. நீலப் பூ. விழா முடிந்த பிறகு அவ உண்மையான புத்தகத்தை வாசித்திருக்கிறா என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“இது ஆருக்கு?” என்று கேட்டா. மேடைக் குரல் இல்லை.

அம்மாவுக்கு நாவல் ஒன்றும் தெரியாது. “அது அவருக்கு ஊத்திறது” என்றா. பிறகு அண்ணனைத் தலையால் காட்டி, “குடிக்கிறது இவன்.”

அண்ணன் வெட்கத்தோடு கையை நீட்டிக் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். சுட்டிருக்க வேண்டும், கண் கலங்கிவிட்டது. ரீச்சர் அவரைப் பார்த்தா, வெறுங்கோப்பையைப் பார்த்தா, சிரிக்கத் தொடங்கினா. தொடங்கியவவுக்கு நிறுத்த முடியவில்லை. சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. பிறகு சிரிப்பு அடங்கியும் துடைத்துக்கொண்டிருந்தா.

“எங்கடை வீட்டிலை குடிக்கிறதுக்கு இப்பிடி ஒருத்தரும் இல்லை” என்றா. “நான் ஊத்திப்போட்டுத் திருப்பி வெளியிலை ஊத்திறனான்.”

 அம்மா தட்டை வைத்துவிட்டு ரீச்சருக்குப் பக்கத்தில் போய் இருந்தா.

போகும்போது ரீச்சர் படலையில் நின்று திரும்பிப் பார்த்தா. மாஸ்டரின் குடை எங்கள் சுவரில் தொங்குவதைக் கண்டு, அதைத் தான் கொண்டுபோய்க் கொடுப்பதாக வாங்கிக்கொண்டா. பிறகு அம்மாவிடம் சொன்னா:

“கலியாணத்துக்கு முன்னம் அந்த யன்னலை ஒருக்கால் திறந்து விடுங்கோ. காத்து வரட்டும்.”

அடுத்த நாள் காலை அண்ணனும் நானும் அலுமாரியை நகர்த்தினோம். பிணைச்சல் துருப்பிடித்திருந்தது. யன்னல் திறக்கவில்லை.